பேட்சுக்கு ஒரு ஆள்

எங்கள் ஊர் மருந்தியல் மேற்படிப்பு நிலையத்தின் வாசலில் நான் சாப்பாட்டுக் கடை போட்டு வெகுகாலமாகிறது. புளித்த சோள மாவில் செய்த கென்கே உருண்டை, பொரித்த மீன், மிளகாய்த் துவையல், வெள்ளிக்கிழமை என்றால் நிலக்கடலைக் குழம்பு. கானா முழுக்கத் தேடினாலும் இந்த நிலையத்தைப் போல ஒழுங்கான இடம் கிடைக்காது என்று அமைச்சர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். உண்மைதான், ஒழுங்கென்றால் அப்படியொரு ஒழுங்கு. என் கடையிலிருந்து உள்ளே போகும் சாப்பாட்டுத் தூக்கின் மேலும் மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். சோதித்துப் பார்த்த பிறகு பச்சைச் சீட்டு. அதற்குள் குழம்பு ஆறி, மீன் விறைத்துப் போயிருக்கும். "பச்சைச் சீட்டு இருக்குல்ல, தைரியமா சாப்பிடுங்க" என்பார்கள்.

மருந்துக்கு இந்த முறை நல்லதுதான். நானே ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து மருந்துப் பொடி மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால், மஞ்சள் சீட்டு ஒட்டித் தனியே வைக்க வேண்டும். கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. வினை எங்கே தொடங்கியது என்றால், இயக்குநர் பேராசிரியர் டார்க்வா ஒரு நாள் வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்து, "இவங்களும் வெளியிலேர்ந்து வந்து இறங்குற சரக்குதானே?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அன்றே நாலு பேர் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் ஊரில் பேராசிரியர் சொல்லும்போது சிரிப்பது மரியாதைக் குறைவு.

கெல்ஃபாலாவை நான் முதலில் பார்த்தபோது அவன் சட்டைப் பையின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. சியரா லியோனில் கபாலா என்ற மலைப்பக்கத்து ஊர்க்காரன், அங்கே ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். குழந்தைகளுக்குக் கொடுக்கும் மலேரியா மாத்திரை வெயிலில் கெட்டுப்போகாமல் வைப்பது எப்படி என்று ஆராய்ந்து பட்டம் வாங்க வந்திருந்தான். வரும்போது மனைவி சென்டோ நிறைமாதம். படிப்பு முடிந்த மறுநாளே பஸ் ஏறிவிடுவதாக அவளுக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான்.

பச்சைச் சீட்டு கிடைக்காதவர்கள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு என் கடைக்குச் சற்று முன்னால் முடிந்தது. அந்தப் பக்கம் அவன் நிற்பான், இந்தப் பக்கத்திலிருந்து நான் கையை நீட்டித் தட்டைக் கொடுப்பேன்.

"அக்கா, இங்க மரவள்ளி இலைக் குழம்பு கிடைக்குமா?"

"மரவள்ளி இலையா? எங்க ஊர்ல அதை ஆடுதான் திங்கும்."

"அப்போ உங்க ஊர் ஆடுங்க குடுத்துவச்சதுங்க" என்றான்.

அவனை எனக்குப் பிடித்துப் போனது அப்போதுதான்.

முதல் சோதனை, அடையாளச் சோதனை. தர உறுதிப் பிரிவின் தலைவி ஃபோசுவா மேடம் வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்ததால், மீன் பொரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டேன்.

"நீங்க கெல்ஃபாலாதானான்னு உறுதி பண்ணணும்."

"பாஸ்போர்ட் இருக்கே மேடம்."

"பாஸ்போர்ட் நீங்க கொண்டுவந்தது. சரக்கு கூட வர்ற சீட்டைப் பார்த்து சரக்கை நம்பினா அதுக்குப் பேரு சோதனையா? ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு ஒரு அசல் கெல்ஃபாலா வேணும்."

"நான்தான் மேடம் அசல்."

"அதைத்தானே தம்பி இப்போ சோதிக்கிறோம்."

பேச்சு நெடுநேரம் அங்கேயே சுற்றியது. கடைசியில் அவனைச் செய்தவர் யாரோ அவரிடம் கேட்கலாம் என்று முடிவாயிற்று. கபாலாவில் இருந்த அவன் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அந்த அம்மாள், "என் புள்ளதான்! ஏன் அவன் குரல் இப்படிக் கம்மிக் கெடக்கு? சோறு போடுறாங்களா இல்லையா?" என்று கத்தியது எண்ணெய்ச் சத்தத்தை மீறி எனக்கே கேட்டது. ஃபோசுவா மேடம் முடிவை அறிவித்தார்: அடையாளம் பொருந்துகிறது, குரலில் மாறுபாடு உள்ளது.

குரல் மாறுபாட்டை விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழுத் தலைவர் ஒரு சாவு வீட்டுக்குக் குமாசி போய்விட்டார். எங்கள் பக்கத்துச் சாவு வீடு என்றால் அவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட முடியாது. அவர் வரும்வரை கெல்ஃபாலா மஞ்சள் கோட்டுக்குள்ளேயே இருந்தான். மகள் பிறந்ததும் அப்போதுதான். போனில் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கோட்டின் ஓரமாகவே உட்கார்ந்து அழுதான். அன்று அவனுக்கு இரண்டு மீன் வைத்தேன்.

பிறகு பச்சைச் சீட்டு கிடைத்தது, படித்தான். அவனோடு சேர்த்து அந்த வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் ஐந்து பேர். சண்டை போடாமல், குடிக்காமல், ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்தார்கள். பட்டம் வாங்குகிற நேரம் நெருங்கியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளே என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும், வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் சொல்வதில்லை. முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மாதிரிச் சரக்கு சுத்தமாக இருக்காதாம். நான் வாய் பொறுக்காமல் சொல்லிப் பார்த்தேன். கெல்ஃபாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, மனுஷனை யாராவது அலமாரியில எடுத்து வைப்பாங்களா? சும்மா இருங்க."

பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு, மேளம் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். முன்னோர்களுக்குத் தரையில் சாராயம் ஊற்றுவது எங்கள் வழக்கம். சாராயத்தின் தரத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்பதால் நிலையத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றுவார்கள். முன்னோர்கள் அதைக் குடித்துவிட்டு என்ன நினைத்தார்களோ. பேராசிரியர் டார்க்வா தோளில் கென்டே துணியோடு எழுந்தார்.

"நாம தயாரிக்கிற ஒவ்வொரு பேட்ச் மருந்துலேர்ந்தும் ஒண்ணை மாதிரியா எடுத்துப் பத்திரமா வைக்கிறோம். ஏன்? நாளைக்கு யாராவது உங்க மருந்து சரியில்லன்னு புகார் சொன்னா, அதை எடுத்துச் சோதிச்சுப் பார்க்கணும். ஆனா பட்டதாரிங்களை மட்டும் மொத்தமா வெளியே அனுப்பிட்டு, புகார் வர்றப்போ கையை விரிச்சுக்கிட்டு நிக்கணுமா? உலகத்துல மத்த பல்கலைக்கழகங்க எல்லாம் அப்படித்தான் நிக்குது. நாம நிக்க மாட்டோம்!"

கைதட்டல் அதிர்ந்தது. விவரம் புரியாமல் கெல்ஃபாலாவும் தட்டினான்.

"மாதிரிங்கிறது முதல் மார்க்கா இருக்கக் கூடாது, அது உலகத்தை ஏமாத்துறது. கடைசி மார்க்காவும் இருக்கக் கூடாது, அது நமக்கு அவமானம். நட்டநடுவுல இருக்கணும். இந்தப் பேட்சோட பெருமைக்குரிய மாதிரி..."

ஐந்து பேரில் கெல்ஃபாலா மூன்றாவது.

அவனை மேடைக்குக் கூப்பிட்டுக் கழுத்தில் மாலை போட்டார்கள். விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சார், நான் ஊருக்குப் போகணும். குழந்தை நடக்கவே ஆரம்பிச்சிருச்சு. நான் இன்னும் தூக்கக்கூட இல்ல சார்" என்றான்.

பேராசிரியர் அவன் தோளில் கை வைத்தார். "நீங்க இங்க இருக்கிறதாலதான் தம்பி மத்த நாலு பேரும் நிம்மதியா ஊருக்குப் போறாங்க. அவங்க பட்டத்துக்கு மதிப்பே நீங்கதான். ஓடிப் போலாம்னு மட்டும் நினைக்காதீங்க. கதவுல பூட்டுக் கிடையாது, காகித முத்திரைதான். முத்திரை உடைஞ்சா மாதிரி கெட்டுச்சுன்னு அர்த்தம். மாதிரி கெட்டா பேட்ச் மொத்தத்தையும் திரும்ப வாங்கிடுவோம். நாலு பேரோட பட்டமும் போயிடும்."

அந்த நாலு பேரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் விழாச் சாப்பாட்டுக்கு உப்பை அள்ளிப் போட்டேன். அதற்கும் பச்சைச் சீட்டு ஒட்டினார்கள்.

மாதிரி அறைக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் பொறுப்பு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு உண்டு, அதன் வழியாகத்தான் தட்டைத் தள்ள வேண்டும். ஊரே கரண்ட் இல்லாமல் வேர்த்துக் கொட்டும்போதும் அந்த அறைக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடும். குளிரும் கூடாது, சூடும் கூடாது. வெளிச்சம் பட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று ஜன்னலுக்கு மருந்து பாட்டிலைப் போல பழுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்களின் முகமெல்லாம் பழுப்பாகத் தெரியும். வருஷ வரிசைப்படி கட்டில்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் பேசுவதை விட்டுவிட்டார்கள். தட்டு வந்தால் எழுந்து வருவார்கள், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய் நேராகப் படுத்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு கட்டில் மட்டும், நான் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கிய நாளிலிருந்தே, காலியாக, விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியபடி இருந்தது.

பேசுகிறவர் லைபீரியாக்காரர் டோக்பா ஒருவர்தான். வரும்போது கறுத்த தலை, இப்போது பஞ்சு.

"எத்தனை நாள் மேடம் நான் இங்க இருக்கணும்?" என்று கெல்ஃபாலா முதல் வாரமே ஃபோசுவா மேடத்திடம் கேட்டான்.

"மருந்துன்னா காலாவதி ஆகி ஒரு வருஷம் வரைக்கும் மாதிரியை வச்சிருப்போம்."

"எங்க பேட்ச் எப்போ காலாவதி ஆகும்?"

"ஊருக்குப் போன நாலு பேர்ல கடைசி ஆள் சாகறப்போ" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவுக்கு மூடியைத் தேடினார்.

டோக்பா கட்டிலில் இருந்தபடியே முனகினார். "என் கூடப் படிச்சவன் ஒருத்தன் மன்ரோவியாவுல தினம் காலையில கடற்கரையில ஓடுறானாம். நாசமாப் போறவன். இன்னொருத்தி டீயில சர்க்கரையே போடுறதில்லையாம். எப்படி விளங்கும்?"

அன்றிலிருந்து கெல்ஃபாலா சரியாகச் சாப்பிடவில்லை. திறப்புக்கு அந்தப் பக்கம் போனை வைத்துக்கொண்டு மகள் போசேயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். குழந்தை போனையே அப்பா என்று கூப்பிடப் பழகிவிட்டிருந்தது. சென்டோ போனை வாங்கிப் பக்கத்தில் வைத்தால்கூட, "அப்பாவைக் குடு" என்று அழுமாம்.

வெளியே போக வேறு வழியே இல்லையா என்று அவன் துருவித் துருவிக் கேட்டதில், ஃபோசுவா மேடம் ஒரு நாள் சொன்னார்: "பேட்ச் மேல புகார் வந்தா முத்திரையை நாங்களே உடைப்போம்."

கெல்ஃபாலாவுக்கு உயிர் வந்தது. ஊருக்குப் போன நாலு பேருக்கும் போன் போட்டுக் கெஞ்சினான். ஒரே ஒரு தப்பு செய்யுங்கள், யாருக்காவது வயிறு வலிக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்றான். "என் நோயாளிங்க எல்லாம் நல்லா இருக்காங்கப்பா, என்ன பண்ண?" என்றான் ஒருவன். இன்னொருவன், அடுத்த மாதம் முயற்சி செய்து பார்ப்பதாகச் சொன்னான், ஆனால் நல்ல மருந்தாளுநன், அவனுக்குக் கை வரவில்லை.

"சென்டோவே புகார் குடுத்தா என்ன அக்கா? யார் குடுத்தாலும் புகார் புகார்தானே?" என்று என்னிடம் கேட்டான்.

டோக்பா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "புகார் மட்டும் வேணாம் தம்பி."

"ஏன் பெரியவரே?"

டோக்பா அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அவருக்குப் பொறாமை அக்கா. அவருக்காகப் புகார் குடுக்க ஆளில்ல" என்று கெல்ஃபாலா கிசுகிசுத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சென்டோ புகாரைத் தபாலில் அனுப்பவில்லை. நேரிலேயே வந்துவிட்டாள். லைபீரியா, ஐவரி கோஸ்ட் என்று பஸ் மாறி மாறி, குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு ஒரு பகல் வேளையில் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"மரவள்ளி இலையை ஆட்டுத் தீனின்னு சொன்ன அக்கா நீங்கதானே?"

"நான்தான் தங்கச்சி. உட்காரு, முதல்ல சாப்பிடு."

"அவரைக் கூட்டிக்கிட்டு வந்து சேர்ந்து சாப்பிடுறோம். உங்க ஆபீசரு எங்க இருக்காரு?"

அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. பேராசிரியர் டார்க்வா புகார் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை.

"உட்காருங்க அம்மணி, உட்காருங்க! இத்தனை வருஷத்துல இது ரெண்டாவது புகார்தான். ஜனங்க புகார் குடுக்கவே பயப்படுறாங்க. உங்களுக்கு என்ன குறை?"

"புருஷனைப் படிக்க அனுப்பினேன். திரும்பி வந்து சேரலை."

"சரக்கு வந்து சேரலை. ஃபோசுவா, குறிச்சுக்கோங்க. வேற ஏதாவது?"

"இதுக்கு மேல என்னய்யா வேணும்? அவரைத் திறந்து விடுங்க!"

"கண்டிப்பா. இன்னிக்கே, இப்பவே திறக்கிறோம்."

சென்டோ அப்படியே முழங்காலிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பெருந்தன்மையோடு அவளை எழுப்பி உட்கார வைத்தார்.

முத்திரையைச் சாட்சிகள் முன்னால் வெள்ளிக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். கெல்ஃபாலா சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வெளிச்சத்தில் கண் கூச, கையால் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தான். "சென்டோ! சாதிச்சுட்டடி!" என்று கத்தினான். குழந்தையைத் தூக்கக் கை நீட்டினான். அது இவனையும் அம்மாவின் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"கொஞ்ச நேரத்துல பழகிடுவா" என்றான் சிரித்தபடி.

"தம்பி, முதல்ல லேபுக்கு. சின்ன வேலை ஒண்ணு இருக்கு" என்று ஃபோசுவா மேடம் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"அஞ்சு நிமிஷம் சென்டோ" என்று சொல்லிவிட்டு அவரோடு போனான். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, அதுவரை அது தோன்றவே இல்லை.

"சார், மாத்திரையை எடுத்துச் சோதிக்கிறீங்களே, சோதிச்ச பிறகு அது என்ன ஆகும்?"

"நல்ல கேள்வி" என்றார் பேராசிரியர். "முதல்ல எவ்வளவு அழுத்தம் தாங்குதுன்னு பார்ப்போம். அப்புறம் உடம்புச் சூட்டுல இருக்கிற தண்ணியில போட்டுக் கலக்குவோம். கரைஞ்சு போயிடும். கரையலன்னாதான் பிரச்சினை."

"அந்தக் காலிக் கட்டில்ல இருந்தவரு?"

"பிரமாதமா தேறினாரு! குடும்பத்துக்கு ரிப்போர்ட்கூட அனுப்பினோம். ஒரு நன்றி சொல்லிப் பதில் போடணும்னு அவங்களுக்குத் தோணலை பாருங்க."

சென்டோ பேராசிரியரின் முன்னால் வந்து நின்றாள். "நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்ல. அவரு இங்கயே இருக்கட்டும். அந்த ரூம்லயே இருக்கட்டும். நான் போயிடுறேன்."

பேராசிரியர் வருத்தத்தோடு தலையசைத்தார். "அம்மணி, புகார் குடுத்தவங்களை மிரட்டி வாபஸ் வாங்க வைக்கிற நிறுவனங்க இந்த நாட்டுல நிறைய இருக்கு. இது அப்படிப்பட்ட இடம் இல்ல. உங்க குரலுக்கு இங்க மதிப்பு உண்டு."

அவள் ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன். ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் பார்வையாளர் கூடம் ஒன்று உண்டு. எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதற்காக ஓர் அமைச்சர் கட்டிக் கொடுத்தது. சுவர் முழுக்கக் கனத்த கண்ணாடி. உள்ளே பேசுவது வெளியே ஒலிபெருக்கியில் கேட்கும், வெளியே பேசுவது உள்ளே கேட்காது. பெரிய எஃகுத் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அதன் மேல் ஆவி படர்ந்தது. சென்டோ இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். நான் நாற்காலியைத் தூக்கி அடித்தேன், காலொன்று உடைந்து கையோடு வந்தது, கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. சத்தத்தில் குழந்தை விழித்து, உள்ளே நின்றவனைப் பார்த்து, "அப்பா" என்றது.

கெல்ஃபாலா எங்களைப் பார்த்தான். சென்டோ கத்துவதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினான். குழந்தையின் உதடு அசைவதைக் கவனித்துவிட்டு, பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் பெருமையாகத் திரும்பினான்.

"பார்த்தீங்களா சார்? என் மக என்னைத்தான் கூப்பிடுறா."

"அப்படியா? சந்தோஷம்" என்றார் அவர். "அந்தச் செருப்பைக் கழட்டிடுங்க தம்பி. எடையில சேர்ந்துடும்."